காக்காய் எதற்காக வந்தது

மகனே,

இதை நீ படிக்கிற வயதில், எழுதுகிற என்னைவிட நீ பெரியவனாக இருப்பாய். எனக்கு இன்னும் இருபது ஆகவில்லை. உனக்கு மீசை முளைத்து, அதை முறுக்கவும் தெரிந்த பிறகுதான் இதை உன் கையில் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போகிறேன். அப்படிப் பார்த்தால் வயசில் மூத்தவனான உன்னை நான் ‘வாங்க, போங்க’ என்றுதான் எழுத வேண்டும். எழுத மாட்டேன். இப்போது நீ என் பக்கத்தில் பாயில் மல்லாந்து கிடந்து, உன் கால் கட்டைவிரலை நீயே பிடித்துத் தின்றுகொண்டிருக்கிறாய். தன் காலைத் தானே தின்கிறவனுக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது.

திங்கட்கிழமை நான் பாண்டிச்சேரிக்குப் போகிறேன். ஆசிரியர் பயிற்சி, இரண்டு வருஷம், விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். நீ இங்கே போலகத்தில் உன் தாத்தாவோடும் பெரியத்தையோடும் இருப்பாய். தாத்தா என்றால் என் மாமனார். எனக்கு அவரை மாமா என்று சொல்லித்தான் பழக்கம், அப்படியே எழுதுகிறேன். பெரியத்தை அவருக்கு அக்காள். சின்ன வயதிலேயே தாலியறுத்துத் தம்பி வீட்டுக்கு வந்தவர். நல்ல மனுஷிதான், ஆனால் வாயில் பூட்டும் கிடையாது, கதவும் கிடையாது. நீ வளர வளர அவரிடமிருந்து ஒரு கதை கேட்பாய்: “ஒங்கம்மா செத்தவனையே ஏமாத்துனவடா.” அந்தக் கதையை நீ என் வாயாலும் ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்பதற்காகத்தான் இது. உறையில் போட்டு ஒட்டவில்லை. பெரியத்தைக்கு யாராவது வாசித்துக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஏமாற்றுவதில் நான் தேர்ந்தவள்தான். தருமபுரத்தில் எங்கள் தெருவுக்கு மத்தியானத்தில் ஐஸ்காரர் வருவார். கூவ மாட்டார், பெட்டி மூடியை டப் டப் என்று தட்டுவார். நான் அவர் வருவதற்கு முன்னாலேயே எங்கள் வீட்டு வாசலுக்குள் நின்று மரப்பெட்டி ஒன்றை அதே மாதிரி தட்டுவேன். தெருப் பிள்ளைகள் எல்லாம் காசைப் பிடித்துக்கொண்டு வெயிலில் ஓடிவந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். உண்மையான ஐஸ்காரர் வரும்போது ஒருத்தரும் வெளியே வர மாட்டார்கள். அந்த மனுஷர் ஒருநாள் கண்டுபிடித்து எங்கப்பாவிடம் சொல்லி, அப்பா என்னை அடித்த அடியில் எனக்கு ஐஸே வேண்டாம் என்று ஆகிவிட்டது. இதை எதற்குச் சொல்கிறேன் என்று கேட்காதே. அந்தத் தட்டல்தான் கடைசிவரை இந்தக் கதையில் வரப்போகிறது.

உன் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு இந்த வீட்டுக்கு வந்த மறுநாள் விடிகாலையில் கொல்லையில் அதே சத்தம் கேட்டது. டப். கொஞ்சம் விட்டு, டப்டப். விடியற்காலையில் எந்த ஐஸ்காரன் வருவான் என்று எழுந்து போய்ப் பார்த்தால், உன் அப்பா கிணற்றடியில் நிற்கிறார். ஒரு கையில் பழைய பால்பவுடர் டின்னின் மூடி, இன்னொரு கையில் கரண்டி. என்னைப் பார்த்ததும் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அதற்கு முன் நாங்கள் இரண்டு பேரும் நாலு வார்த்தை முழுதாகப் பேசியிருக்கவில்லை. “ஐஸ் எவ்வளவுங்க?” என்று கேட்டேன். அவர் கிணற்றைப் பார்த்துக்கொண்டே, “சேமியா ஐஸ் தீந்துபோச்சு. குருணை ஐஸ்தான் இருக்கு” என்றார். அன்றைக்கு எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அதற்கு முந்தின நாள் நடந்தது கல்யாணம். அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

அவர் பக்கத்துப் பட்டினத்தில் ஒரு ரைஸ்மில்லில் வேலை பார்த்தார். தரையில் கூட்டித் தள்ளுகிற குருணையை முதலாளியிடம் கேட்டு வாங்கித் துண்டில் முடிந்து வருவார். காலையில் அதைக் கிணற்றடிச் சிமெண்டில் தூவிவிட்டு மூடியைத் தட்டுவார். கா கா என்று கூவலாமே என்றால் கூச்சம், அடுத்த வீட்டுக்குக் கேட்குமாம். முதலில் சிட்டுக்குருவிகள் வரும். அப்புறம் ஒரு மைனா ஜோடி. தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து, ஒன்று பேசி முடிப்பதற்குள் இன்னொன்று பேசும். அவற்றுக்குப் பெரியத்தை பஞ்சாயத்து என்று நான் பெயர் வைத்தேன். கடைசியில் காக்காய்கள். அதில் ஒரு கால் இல்லாத ஒன்றை நொண்டி என்போம். அது மற்றவை தின்று முடிக்கும்வரை கிணற்றுச் சுவரில் காத்திருக்கும், அதற்கென்று அவர் ஒரு பிடி தனியாக வைத்திருப்பார். இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். “மில்லுல நாள்பூரா பெல்ட்டு சத்தம். காதுல வேற ஒண்ணும் ஏறாது. காலையில இதுங்க கத்துறதக் கேட்டுட்டுப் போனா சாயந்தரம் வரைக்கும் தாங்குது” என்றார். அவர் பேசியதிலேயே அதுதான் நீளமான பேச்சு.

நான் பள்ளிக்கூடப் புத்தகங்களைக் கல்யாணப் பெட்டியோடு கொண்டுவந்திருந்ததைப் பார்த்துவிட்டு, என்னை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பலாம் என்று அவராகவே நினைத்திருக்கிறார். நான் பொய் சொன்னால்கூட நம்புகிற மாதிரி சொல்கிறேனாம், வாத்தியார் வேலைக்கு அது போதுமாம். மாமாவிடம் போய்க் கேட்டார். வீட்டுக்கு வந்த பெண் வெளியூரில் தனியாகத் தங்கிப் படிக்கிற வழக்கம் நம்மிடம் இல்லை என்று மாமா சொல்லிவிட்டார். உன் அப்பா மறுத்துப் பேசவில்லை. இந்த வீட்டு ஆண்கள் ஒரு முறைதான் கேட்பார்கள், ஒரு முறைதான் பதில் சொல்வார்கள். மிச்சத்தை எல்லாம் மாட்டிடம் சொல்வார்களோ என்னவோ.

நீ வயிற்றில் வந்த கொஞ்ச நாளில் அவருக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், பத்தியம் வைத்தோம், சரியாகிவிடும் என்றார்கள். கயிற்றுக்கட்டிலில் படுத்துக்கொண்டு காலையில் கண் விழித்ததும் “குருணை போட்டியா?” என்றுதான் கேட்பார். அப்போதுதான் அந்தத் தட்டல் என் கைக்கு வந்தது. முதல் நாள் நான் தட்டியபோது ஒன்றும் இறங்கவில்லை. உள்ளேயிருந்து, “டப் வச்சிட்டு மூச்சு விடு. அப்பறம் ரெண்டு” என்றார். மூச்சு விட்டுத் தட்டினேன், வந்தன. தூவிவிட்டுப் போய் யார் யார் வந்தார்கள் என்று கட்டிலருகே உட்கார்ந்து சொல்ல வேண்டும். நானும் சொல்வேன். சிட்டுக்குருவி வந்தது, பஞ்சாயத்து வந்து தீர்ப்புச் சொல்லாமல் போயிற்று, இன்றைக்கு ஒரு மயில் வந்து நொண்டியிடம் வழி கேட்டது என்பேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். கடைசியில் காரைக்கால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது நேரம் கடந்துவிட்டது. அங்கே ஜன்னலுக்கு வெளியே ஒரு பறவையும் இல்லை. இருந்ததாக நான் சொன்னேன். அந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை, நம்பினார்.

கருமாதி அன்றைக்கு என்ன நடந்தது என்பதுதான் பெரியத்தையின் கதை. நம் வழக்கம் உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். படையல் போட்டு, அந்தச் சோற்றை இலையில் எடுத்துக் கொல்லையில் வைத்து, காக்காய் வந்து வாய் வைத்த பிறகுதான் வீட்டில் யாரும் சாப்பிடுவது. வராவிட்டால் போனவருக்கு மனசில் ஏதோ குறை என்று அர்த்தம். அது என்ன குறை என்று யோசித்து, தீர்த்துவைக்கிறோம் என்று ஒவ்வொருவராக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மகனுக்கு அப்பாவே இலை வைப்பதைப் போலக் கொடுமை வேறு இல்லை. மாமாதான் வைத்தார். நான் வயிற்றுப்பிள்ளைக்காரி, அந்தச் சோற்றுப் பக்கமே வரக் கூடாது என்று உள் அறையில் உட்கார்த்தியிருந்தார்கள். ஜன்னல் கொல்லையைப் பார்த்திருந்தது.

கா கா என்று எல்லாரும் கூவினார்கள். ஒன்றுகூட வரவில்லை. எப்படி வரும்? கொல்லை முழுக்கப் பந்தல், பந்தல் முழுக்க ஜனம். உன் அப்பாவைத் தூக்கிய நாளிலிருந்து அங்கே ஒரு மணி குருணை விழவில்லை. காக்காய்கள் தூரத்துத் தென்னையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. வெயில் ஏறியது. சாப்பாட்டுக்கு வந்த உறவுக்காரர்கள் துக்கத்திலும் பசியிலும் மாறி மாறிப் பெருமூச்சு விட்டார்கள். பெரியத்தை முந்தானையை ஏந்திக்கொண்டு, பிள்ளையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், அவளையும் ஒரு குறை இல்லாமல் வைத்துக்கொள்கிறோம், வாய்யா என்று தென்னையைப் பார்த்து அழுதார். அப்புறம் மாமா இலைக்கு முன்னால் போய் நின்றார். கூட்டத்துக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்திருப்பார், ஆனால் அருகில் நின்ற பெரியத்தைக்கும் ஜன்னல் பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது.

“படிக்க வைக்கிறேன்டா தம்பி. அவள நான் படிக்க வைக்கிறேன். வா.”

ஒன்றும் வரவில்லை. அவர் மறுபடியும் சொன்னார். ஒரு முறைக்குமேல் எதையும் சொல்லாத மனுஷர். மூன்றாவது முறை சொல்லும்போது குரல் உடைந்து, வா என்பது மட்டும்தான் வந்தது. எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அலமாரிக்கு அடியில் கிடந்த டின் மூடியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு கொல்லைப்படியில் வந்து நின்றேன். யாரோ என் கையைப் பிடித்தார்கள், உதறினேன். எல்லாரும் பந்தலை விட்டு உள்ளே போங்க என்றேன். என் வாழ்க்கையில் நான் விளையாடாத நாள் அது ஒன்றுதான், நம்பு. டப். மூச்சு விட்டேன். டப்டப். நொண்டி கிணற்றுச் சுவரில் வந்து இறங்கியது. எப்போதும் கடைசியாக வருவது, அன்றைக்கு முதலில் வந்தது. தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. தத்தி இலைக்குப் போய், சோற்றை விட்டுவிட்டு வடையைக் கொத்திக்கொண்டு பறந்தது. வடை எடுத்தாலும் கணக்குதான் என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. எல்லாரும் பந்திக்குப் போய்விட்டார்கள். மாமா மட்டும் என் கையிலிருந்த மூடியையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

பெரியத்தை சும்மா இருப்பாரா? பந்தியிலேயே ஆரம்பித்துவிட்டார். “தட்டுனா வர்றது காக்கா. தட்டாம வர்றதுதான் நம்ம புள்ள. இவ தட்டி வரவழச்சிட்டா. அவன் வந்தானா வரலயான்னு இனிமே யாருக்குத் தெரியும்?” அப்புறம் மாமாவிடம் வந்து, நீ கொடுத்த வாக்கு காக்காவுக்கா கரண்டிக்கா, அது செல்லாது, விடு என்றும் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பு இல்லை. நான் இன்னும் கொஞ்ச நேரம் சும்மா இருந்திருந்தால் பந்தல் காலியாகி ஒரு காக்காய் தானாக வந்திருக்கலாம். மகன் வந்துவிட்டான் என்று மாமாவுக்கு ஒரு நிம்மதி கிடைத்திருக்கும். எனக்குப் படிப்பும் கிடைத்திருக்கும். வராமலும் போயிருக்கலாம். இப்போது அது தெரிய வழியே இல்லை. தெருவையே ஏமாற்றியவள் ஒரே ஒரு நாள் யாரையும் ஏமாற்ற நினைக்காமல் தட்டினேன், எல்லாரும் சந்தேகத்தோடு வீட்டுக்குப் போனார்கள்.

அதன்பிறகு நான் அந்த அறையை விட்டு எழவில்லை. உனக்காகச் சாப்பிடு என்பார்கள், சாப்பிடுவேன். சொன்ன பக்கம் திரும்பிப் படுப்பேன். என் வாயிலிருந்து ஒரு கேலி வரவில்லை. எங்கம்மா வந்து பார்த்துவிட்டு அதற்காகத்தான் அழுதாள். பார்க்க வருகிற எல்லாரும் என் வயிற்றைப் பார்த்து ஒரு முறை, நெற்றியைப் பார்த்து ஒரு முறை ஐயோ பாவம் என்பார்கள். ஒருநாள் விடியலில் கிணற்றடியில் ஒரே கூச்சல். அன்றைக்கு நான் ஒருமுறை தட்டியதை நம்பி அவை தினமும் வர ஆரம்பித்திருந்தன. போட ஆளில்லாமல் கத்திவிட்டுப் போய்க்கொண்டிருந்திருக்கின்றன. பெரியத்தை விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு விரட்டப் போனார். அந்தச் சத்தம் பொறுக்காமல்தான் எழுந்தேன், பாசத்தில் இல்லை. அரிசிப் பானையில் கை விட்டு ஒரு பிடி நொய் எடுத்துப் போய்த் தூவினேன். அவை என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தின்றன. அது எனக்கு எவ்வளவு பெரிய உபகாரமாக இருந்தது என்று உனக்கு எப்படிச் சொல்வேன். என் நெற்றியைப் பார்க்காத, என்னைப் பாவம் என்று நினைக்காத, நாளைக்கும் நான் வருவேன் என்று மட்டும் நினைக்கிற ஜீவன்கள் இந்த ஊரில் அவைதான்.

துக்கம் போய்விட்டது என்று எழுதினால் அது நான் உனக்குச் சொல்கிற மயில் கதை ஆகிவிடும். போகவில்லை. காலையில் ஒரு வேலைக்காக எழுந்தேன், அவ்வளவுதான். எழுந்துவிட்டதால் முகம் கழுவினேன். முகம் கழுவியதால் பெரியத்தை காப்பி கொடுத்தார். உனக்கு நான் சொல்லிப் போகிற புத்தி இது ஒன்றே: உன் காலத்தில் யாராவது எழுந்திருக்க முடியாமல் கிடந்தால், தைரியமாக இரு என்று தலைமாட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்காதே. ஒரு பிடி நொய்யைக் கையில் கொடுத்துக் கொல்லைக்கு அனுப்பு. திரும்பி வந்ததும் யார் யார் வந்தார்கள் என்று கேள். அந்தக் கேள்வியை மறந்துவிடாதே. உன் அப்பா போன பிறகு என்னிடம் அதைக் கேட்க ஆள் இல்லாததுதான் எனக்கு அதிகம் வலித்தது.

பிரசவத்துக்குத் தருமபுரம் போனேன். அங்கே சுவரோடு சுவராக வீடு, கொல்லை என்று ஒன்றும் கிடையாது. நீ பிறந்து, உன்னைத் தூக்கிக்கொண்டு போலகம் திரும்பியபோது பறவைகளை எல்லாம் மறந்துவிட வேண்டியதுதான் என்று நினைத்திருந்தேன். மறுநாள் விடிகாலை அரைத்தூக்கத்தில் கேட்டது, கொல்லையில் டின் மூடிச் சத்தம். கண்ணைத் திறக்காமல் கிடந்தேன். அந்தக் கொஞ்ச நேரம் உன் அப்பா கிணற்றடியில் இருந்தார், நான் உன்னை அவரிடம் காட்டப் போகிறேன், ஐஸ் எவ்வளவு என்று கேட்கப் போகிறேன். அப்புறம்தான் காதில் உறைத்தது, தட்டல் தலைகீழாக இருக்கிறது. முதலில் டப்டப், பிறகு டப். எழுந்து போய்ப் பார்த்தேன். மாமா நின்றார். விடிவதற்கு முன்னே வயலுக்குப் போய்விடுகிற மனுஷர், நான் தருமபுரம் போன மறுநாளிலிருந்து, இதற்காக நேரம் கழித்துப் போகிறாராம். பெரியத்தை விளக்குமாற்றைத் தூக்கினால் சண்டைக்கு வருகிறாராம். உடம்பு பாதியாகியிருந்தது. தலைகீழாகத் தட்டினாலும் பறவைகள் வந்திருந்தன. நான் திருத்தவில்லை.

அதிலிருந்து காலையில் இரண்டு பேரும் கிணற்றடியில் நிற்போம். பேச்சு இருக்காது. போன மாதம் ஒருநாள் அவராகவே, “அந்தக் காலில்லாதது வந்து ரொம்ப நாளாச்சு” என்றார். ஆமாம் என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“ஏம்மா, அன்னைக்கு நீ தட்டலேன்னா அது வந்துருக்குமா?”

அவர் மகனுக்கு மயில் காட்டியவள் நான். வந்திருக்கும் மாமா, தென்னையிலிருந்து இறங்கிக்கொண்டுதான் இருந்தது, நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று ஒரு பொய் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும். அவருக்கு நிம்மதி, எனக்குப் பாண்டிச்சேரி. வாய் வரவில்லை. “தெரியலைங்க மாமா” என்றேன்.

அவர் கையிலிருந்த மிச்சக் குருணையை நொண்டி உட்காருகிற இடத்தில் வைத்தார். “நீ தட்டுனதுக்கு வந்துச்சா, நான் சொன்னதுக்கு வந்துச்சான்னு எனக்கும் தெரியல. தெரிஞ்சு என்ன ஆவப்போவுது. சொன்னது சொன்னதுதான். பாண்டிச்சேரிக்கு எப்பப் போவணும்னு விசாரி” என்று சொல்லிவிட்டு, மூடியைத் துண்டில் துடைத்து மாடத்தில் வைத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார். இன்னமும் அவருக்குத் தெரியாது, மகன் குறையோடு போனானா இல்லையா என்று. தெரியாமலேயே வாக்கைக் காப்பாற்றிவிட்டார். அவரை நீ நன்றாக வைத்துக்கொள்ள வேண்டும். நீ இதைப் படிக்கும்போது அவர் இருந்தால்.

ஒரு வாரமாக உனக்குப் பால் மறக்கடிக்கிறேன். வேப்பிலை அரைத்துப் பூசிக்கொண்டிருக்கிறேன். முதல் நாள் வாய் வைத்துவிட்டு, அழாமல் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாய். எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறேன், ஒருத்தரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. இப்போது நீ என் குரலுக்குச் சரியாகத் திரும்புவதுகூட இல்லை. கொல்லையில் மாமா தட்டினால் மட்டும் எங்கே இருந்தாலும் தவழ்ந்து படி வரைக்கும் போய்விடுகிறாய். ஒருவிதத்தில் நல்லதுதான். நான் இல்லாத வீட்டில் காலையில் நீ ஓடிப்போக ஒரு சத்தம் இருக்கிறது.

ஒரு நாள் எனக்கும் நீ இலை வைப்பாய். அன்றைக்குக் கூட்டம் போடாதே, கா கா என்று கூவாதே, எனக்கு என்ன குறை என்று யோசித்துக்கொண்டு வெயிலில் நிற்காதே. மூடியைத் தட்டு. எப்படித் தட்டினாலும் சரி. அது இன்னும் தூரத்தில் இருக்கிறது. அதற்கு முன்னால் பொங்கல் லீவு வரும். நான் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் வருவேன். நீ என்னை அடையாளம் தெரியாமல் பெரியத்தையின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாய். அம்மா வந்திருக்கேன்டா என்று நான் கெஞ்ச மாட்டேன். பையை வைத்துவிட்டு நேரே கொல்லைக்குப் போய், மாடத்திலிருந்து மூடியை எடுத்து, டப், மூச்சு விட்டு, டப்டப். நீ தவழ்ந்தோ நடந்தோ படிக்கு வருவாய். மூடிக்காக வந்தாயா எனக்காக வந்தாயா என்று நான் கேட்க மாட்டேன். தூக்கிக்கொள்வேன்.

உன்
அம்மா